குளத்துக்குச் செய்த உபசாரம்

எங்கள் தெருக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்களாக இருந்திருந்தால் என் பாடு எவ்வளவோ தேவலாம். கெட்டவர்களை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம், மேலிடத்தில் புகார் கொடுக்கலாம், படுத்துக்கொண்டு வயிறெரியச் சபிக்கலாம். நல்லவர்கள் கையில் மாட்டிக்கொண்டால் அழக்கூட வழியில்லை. அழுதால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவிவிடுவார்கள்.

தெருவுக்குப் பின்னால் ஒரு குளம். எல்லா வீடுகளும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். குளியலறைக் குழாய், துணிக்கொடி, கால் உடைந்த நாற்காலி, கழற்றிப் போட்ட டயர், எல்லாம் குளத்துப் பக்கம்தான். பாதிக் குளத்தை ஆளுயர நாணல் மூடியிருக்கும். அந்த நாணலுக்குள், கொக்கு இனத்தைச் சேர்ந்த, ஒரு ஜோடி குருகு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறெந்தக் குளத்திலும் நாணல் மிச்சமில்லாததால் அந்தப் பறவையும் மிச்சமில்லை. ஆகவே வனத்துறையில் ஒரு வேலை உண்டாக்கி என்னை நியமித்தார்கள். வேலைக்குப் பெயர் களப்பணியாளர். மக்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் வேலை.

உள்ளூர்ப் பெண், அதனால் சொன்னால் கேட்பார்கள் என்பது துறையின் கணக்கு. மூக்கு ஒழுக அரைப் பாவாடையோடு திரிந்த காலத்திலிருந்து பார்த்தவர்கள் நான் சொன்னால் கேட்பார்களா? வேலை கிடைத்த வாரமே எனக்குக் ‘குருகு மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் சாமான் வாங்கப் போனால், “மேடம், குருகுக்கு வேற ஏதாச்சும் வேணுமா?” என்பார்கள். சிரித்துக்கொண்டே கேட்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

எல்லாரையும்விட என் அண்ணன்தான் மோசம். அவன் பொக்லைன் ஓட்டுகிறான். மேல் மாடியில் அவனும் அண்ணியும், கீழே நானும் அம்மாவும். காலையில் நான் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ கட்டியபடியே ஆரம்பிப்பான்.

“நாங்க மண்ண வெட்டினா மண்ணு தெரியும். நீ காவல் காக்கறது யார் கண்ணுக்காவது தெரியுதா?”

“பொறுமையா உக்காந்தா தெரியும்ணா.”

“எனக்கு எதுக்கும்மா பொறுமை? எனக்குத்தான் உத்தியோகம் இருக்கே.”

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. தெருவில் ஒருவர்கூட அந்தப் பறவையைப் பார்த்ததில்லை. அது நாணலை விட்டு வெளியே வராது, நாணலின் நிறத்திலேயே இருக்கும். எனக்கே பல நாள் காத்திருந்த பிறகுதான் ஒரு கண்ணும் அலகும் தட்டுப்பட்டன. கண்ணில் படாத ஒன்றுக்காக உங்கள் குப்பையை வேறெங்காவது கொட்டுங்கள், கொசுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது எவ்வளவு சங்கடமான பிழைப்பு தெரியுமா? தையற்கடை அக்காவின் மகள் போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கடுத்த தெருச் சங்கக் கூட்டத்தில் அக்கா எழுந்து, “கொசு கடிச்சு என் பொண்ணு படுத்தா, உன் குருகு வந்து பக்கத்துல உக்காந்து விசிறுமா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொண்டுபோன நோட்டீஸ்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

துறைப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு வாசகம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நமது குளத்தை நமது வீடு போல் பார்த்துக்கொள்வோம். அதைப் பலகையில் எழுதிக் கரையில் நட்டிருந்தார்கள். வேறு எதுவும் எடுபடாதபோது நான் அதையே பிடித்துக்கொண்டேன். வீடு வீடாகப் போய்த் தொண்டைத் தண்ணீர் வற்ற அதையே சொன்னேன். “நம்ம வீடு மாதிரி நினைச்சுக்கோங்க, அது போதும்.” சொல்லிச் சொல்லி அவர்களுக்கும் காது புளித்தது, எனக்கும் வாய் புளித்தது. ஆனால் மெல்ல மெல்ல ஏதோ இறங்கத்தான் செய்தது. டயர் போடுவது நின்றது. தெருச் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒருநாள் குளத்தில் பழைய மெத்தையைத் தள்ள வந்தவனைத் துரத்திக்கொண்டு ஓடினார். செருப்பு ஒன்று எங்கோ போய்விட, ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்து என்னிடம், “வீடு மாதிரிம்மா, சும்மாவா!” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பருவத்தில்தான் குருகு குஞ்சு பொரித்தது. கிழக்கு மூலையில், நாணல் தண்டுகளை வளைத்து வைத்த கூட்டில், பஞ்சைப் பிய்த்து ஒட்டினாற்போல் குஞ்சுகள். பார்த்த சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அன்று சாயங்காலமே சங்கக் கூட்டத்தில் போய்ச் சொன்னேன்.

“குஞ்சு பொரிச்சிருக்கு. பறக்கற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கணும், அவ்வளவுதான் கேக்கறேன்.”

முதல் தடவையாக யாரும் கேலி செய்யவில்லை. தையற்கடை அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“பச்சக் குஞ்சுங்களா? அந்தச் சாக்கடையிலயா? ஐயோ, பாவமே!”

அந்த ‘பாவமே’யைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் கழித்து இவர்களுக்கு மனசு இளகியிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். இளகிய மனசு என்ன செய்யும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டை நாம் என்ன செய்வோம்? ஒட்டடை அடிப்போம், மூலை முடுக்கெல்லாம் கழுவிவிடுவோம்.

மறுநாள் எனக்கு மேலாபீசில் கூட்டம். ஒவ்வொரு ஊர்க் களப்பணியாளரும் எழுந்து தன் ஊர் மக்கள் எப்படியெல்லாம் ஒத்துழைக்கவில்லை என்று அழுதார். என் முறை வந்தபோது நான் ஒற்றைச் செருப்புக் கதையைச் சொன்னேன். ஆபீசர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில்தான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அண்ணியிடமிருந்து ஒரு செய்தி. ‘சீக்கிரம் வா. உனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கு.’

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தெரு வேறு மாதிரி இருந்தது. வீடுகளுக்கு இடையிலிருந்த சந்துகளில் வெளிச்சம் அடித்தது. முன்பெல்லாம் அந்தச் சந்துகளின் முனையில் பச்சையாக ஒரு சுவர் நிற்கும். இப்போது தண்ணீர் தெரிந்தது, எதிர்க்கரை தெரிந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் தோன்றியது, அட, எவ்வளவு அழகு என்றுதான். அப்புறம்தான் பொக்லைன் சத்தம் காதில் விழுந்தது.

ஓடினேன். தெருவே கரையில் இருந்தது. வாத்தியார் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு நின்றார். பெண்கள் வரிசையாக நின்று கூடைகளைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கரையோரம் அள்ளிப் போட்ட நாணல் வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. எங்கிருந்தோ ரெடிமேடாக வாங்கிவந்து போட்ட சிமெண்டு பெஞ்சுகள். தச்சர் தன் பங்குக்குப் பலகையில் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்து, ஓட்டை போட்டு, மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் அடித்துக் கம்பங்களில் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் நடுவில், கரை மேல் பொக்லைனில் என் அண்ணன். கிழக்கு மூலை மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“மேடம் வந்துட்டாங்க!” என்று யாரோ கத்த, எல்லாரும் கை தட்டினார்கள்.

“வேண்டாம்! ஐயோ, வேண்டாம், நிறுத்துங்க!” என்றேன்.

“இருக்கட்டும்மா,” என்றார் வாத்தியார், முகம் எல்லாம் சிரிப்பாக. “எங்களுக்காக எவ்வளவு அலையற நீ. நாங்க இதுகூட செய்யக் கூடாதா?”

“இல்ல சார், நிஜமாவே வேண்டாம்.”

“பாரு, கூச்சப்படறா!”

எங்கள் பேச்சில் வேண்டாம் என்ற சொல்லுக்குப் பல்லே கிடையாது. சாப்பிடும்போது வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி விழும். கிளம்பும்போது காப்பி வேண்டாம் என்றால் அடுப்பில் பால் ஏறும். வேண்டாம் என்று சொல்வது மரியாதை, அதைக் காதில் வாங்காமல் இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை. பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டு, திடீரென்று ஒருநாள் அதற்கு நிஜ அர்த்தம் வேண்டும் என்றால் எங்கே போவது? நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவர்கள் இன்னும் உற்சாகமாகக் கூடையைத் தூக்கினார்கள்.

அண்ணனிடம் ஓடினேன். என்னைக் கண்டதும் பொக்லைனின் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

“எப்படி? இன்னிக்கு சைட்ல வேலை இல்ல. முதலாளி கால்ல விழாத குறையாக் கேட்டு வண்டிய எடுத்துட்டு வந்தேன். என் தங்கச்சி ஆபீஸ் வேலை, ஒருநாள் குடுங்கன்னேன்.” அவன் முகமெல்லாம் சேறு. “இத்தனை நாளா கிண்டல் பண்ணிட்டேன்ல? அதான் மொத்தமா சேத்து.”

அவன் என் வேலையை வேலை என்று சொன்னது அன்றுதான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது.

“அண்ணா, அந்த மூலையிலதான் கூடு இருக்கு. குஞ்சு இருக்கு. மெஷின விடாதே.”

அவனுக்குச் சட்டென்று முகம் வெளுத்துவிட்டது. சாவியைத் திருகி அணைத்தான். சத்தம் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு உதவி செய்யும் அவசரத்தில் அவன் வண்டி மேலேயே எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாய்க்கு அணைவாக வைத்துக் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

“மெஷின் வேண்டாமாம்! கூடு இருக்காம்! எல்லாரும் இறங்கி கையாலயே பதமா எடுங்க!”

இறங்கிவிட்டார்கள். அரிவாள், கத்தி, தோட்டத்துக் கத்தரிக்கோல், எது கையில் இருந்ததோ அதோடு இறங்கிவிட்டார்கள். சும்மா இறங்கவில்லை. பிள்ளை தூங்குகிற அறைக்குள் போகிற மாதிரி, ஒருவரை ஒருவர் உஷ் உஷ் என்று அடக்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் போனார்கள்.

“வெட்டாதீங்க!” என்று கத்தினேன். “நாணல்தான் அதோட வீடே! நாணல் போனா அதுக்கு ஒண்ணும் கிடையாது!”

தையற்கடை அக்கா திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். “கத்தாதேடி, பயந்துடப் போவுது. இதெல்லாம் ஒரு வீடா? பாம்பும் பூச்சியும். அதான் பெட்டி கட்டி வச்சிருக்கே, கூட்டோட எடுத்துப் பதமா அதுல வச்சுடறோம்.”

“பெட்டியில அது இருக்காதுக்கா.”

“பழகிட்டா இருக்கும். நாம இங்க குடிவந்தப்போ நமக்கு மட்டும் பிடிச்சுதா என்ன?” என்றவள், கொஞ்சம் தணிந்த குரலில், “அந்த மூலைய மட்டும் விட்டா கொசு மொத்தமும் அங்கதான்டி அடையும். என் பொண்ண நினைச்சுப் பாரு,” என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவோடு நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அவளை என்னவென்று திட்டுவது?

ஆபீசருக்கு போன் போட்டேன். “சார், நாணல வெட்டறாங்க.”

“யாரு? வெளியாளா?”

“இல்ல சார். நம்ம ஜனங்கதான். குளத்தச் சுத்தம் பண்றாங்க.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான் சார்.”

“அடேயப்பா! இதுக்குத்தானேம்மா நாம இவ்வளவு பாடுபட்டோம்? நாலு போட்டோ எடுத்து அனுப்பு.”

“சார், கூடு இருக்கு. குஞ்சு இருக்கு.”

“கூட்டச் சுத்தி மட்டும் கொஞ்சம் விடச் சொல்லு. பக்குவமா பேசும்மா. இப்பப் போய் சட்டம், கேஸுன்னு நின்னா, இனி ஜென்மத்துக்கும் ஒருத்தன் நம்ம பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்.”

அவர் சொன்னதும் தப்பில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு யார் சொன்னதிலும் தப்பில்லை.

சீருடையோடு தண்ணீரில் இறங்கினேன். மிச்ச நாணலுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். கரையில் மறுபடி கைதட்டல். மேடமே இறங்கிட்டாங்க பாரு என்றார்கள். பக்கத்தில் வந்த அண்ணி என் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்து, தன்னிடம் இருந்த அரிவாளை அதில் வைத்துவிட்டு வேறொன்று வாங்கிவரப் போனாள். இடுப்பளவுத் தண்ணீரில் அரிவாளும் கையுமாக நான் நிற்க, எனக்கு இரண்டு பக்கமும் நாணல் சரசரவென்று சாய்ந்தது. “வேண்டாம்,” என்றேன் மறுபடியும். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

யார் வெட்டிய கட்டோடு கூடு வந்தது என்று தெரியவில்லை. தையற்கடை அக்காதான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு தண்டுகூடக் கலையவில்லை, அவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறார்கள்.

“இந்தா, பாரு. காலியா இருக்கு. எங்கயோ போயிடுச்சுங்க போல, நல்லவேளை.”

உள்ளே கை வைத்துப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. நேற்று இருந்தவை எங்கே போகும்? நடக்கவும் தெரியாது, நீந்தவும் தெரியாது. நாணலைப் பற்றிக்கொண்டு கொஞ்சம் ஏறத் தெரியும், அவ்வளவுதான். பற்றிக்கொள்ள நாணல் இல்லையே. அரிவாளைக் கரையில் எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் துழாவினேன். சேறும் வேரும்தான் வந்தன. கரையேறிக் குவியலைக் கலைத்தேன். அண்ணன் எதுவும் கேட்காமல் வந்து அந்தப் பக்கத்திலிருந்து கலைக்க ஆரம்பித்தான். பொக்லைன் பிடித்துக் காய்த்துப்போன கை, ஒவ்வொரு தண்டாகப் பிரித்துப் பார்த்தது.

“எப்படிம்மா இருக்கும்?”

“பஞ்சு மாதிரி.”

வெகுநேரம் தேடினோம். குவியல் அவ்வளவு பெரிது. கடைசியில் அவன் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், “தாய்ப்பறவை தூக்கிட்டுப் போயிருக்கும், இல்ல?” என்றான். குருகு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகாது. அதற்கு அப்படி ஒரு வழியே இல்லை. நான் குனிந்து இன்னொரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

வெயில் தாழும்போது எல்லாம் முடிந்திருந்தது. குளம் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. எல்லாரும் கை கால் கழுவிக்கொண்டு வந்து புது பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். தையற்கடை அக்கா மகளையும் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வீடுகளுக்குப் பின்வாசல் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது போல எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. எனக்கு நடு பெஞ்சில் இடம் போட்டிருந்தார்கள்.

அப்போதுதான் அது வந்தது. தண்ணீர் மேல் தாழ்வாகப் பறந்து, கிழக்கு மூலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி சுற்றி, வெறும் சேற்றில் இறங்கியது. அலகில் ஒரு சின்ன மீன். காய்ந்த நாணலின் நிறம். தச்சர் எழுந்து நின்றுவிட்டார். “அதோ! அதோ! மேடம், அதுதானே?”

அதுதான். அது எங்களைப் பார்த்தது. ஆபத்து என்று தெரிந்தால் குருகு ஓடாது, பறக்காது. கழுத்தை நீட்டி, அலகை நேராக வானத்துக்கு உயர்த்தி, நாணலோடு நாணலாக அசையாமல் நின்றுவிடும். எப்பேர்ப்பட்ட கண்ணுக்கும் தப்பிவிடும். அன்றைக்கும் அது அப்படித்தான் நின்றது, சுற்றிலும் ஒரு புல்கூட இல்லாத சேற்றில், கழுத்தை நீட்டி, மீனைக் கவ்விய அலகை வானத்துக்கு உயர்த்தி, தெருவே பார்த்துக்கொண்டிருக்க. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாளா ஒளிஞ்சே கிடந்துது! சுத்தம் பண்ணதும் வெளிய வந்துடுச்சு பாத்தீங்களா?” என்றார் வாத்தியார்.

“நம்மளப் பாத்து ஓடக்கூட இல்லக்கா.”

“பழகிடுச்சுடி.”

எல்லாக் கைப்பேசிகளும் உயர்ந்தன. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மட்டும் கைப்பேசியை எடுக்கவில்லை. கண் கலங்க அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்படி ஒரு பறவை இருக்கிறது என்று அவன் அன்றைக்குத்தான் நம்பினான்.

“எவ்வளவு அழகா இருக்கும்மா,” என்றான் மெதுவாக. “வீட்டப் பாக்க வந்திருக்கு. பிடிச்சிருக்குல்ல அதுக்கு?”

பெஞ்சில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பறவையைப் பற்றித் தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

“ஆமாண்ணா,” என்றேன். “பிடிச்சிருக்கு.”

இருட்டும்வரை அது ஆடவில்லை, அசையவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கும் எழுந்து போக மனம் வரவில்லை.